பதம் வரும்வரை

“நிறுத்தினா அடிபிடிக்கும். இதை எனக்கு நானே சொல்லிக்கிட வேண்டியிருக்கு, கேட்டியா” என்றாள் உமைத்தாய். சொல்லும்போதும் கையிலிருந்த துடுப்பு நிற்கவில்லை. உருளிக்குள் பலாப்பழமும் கருப்பட்டியும் ஒன்றாகிக் கறுத்துக்கொண்டிருந்தன. ஒரு குமிழ் எழும்பி வெடித்து அவள் மணிக்கட்டில் தெறித்தது. முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடியும் துடுப்பை அடியோடு அழுத்தி இழுத்தாள்.

“கையை மாத்திக்கிட வேண்டியதுதானே, அக்கா” என்றது கோழி.

“எந்தக் கைக்கு மாத்த? இருக்கிறதே ரெண்டு. ரெண்டும் செத்துப்போச்சு.”

“எனக்கு அதுவும் இல்ல.”

கோழியின் பெயர் செம்பி. முற்றத்து அடுப்பிலிருந்து சற்றுத் தள்ளி, சூடு படாமல் வாசனை மட்டும் வருகிற இடமாகப் பார்த்து அது உட்கார்ந்திருந்தது.

அந்தக் காலத்தில் கோழிகள் பேசின. நாய், பூனை, ஆடு எல்லாமும்தான் பேசின. ஆனால் வீட்டுக்கு உதவுகிற மாதிரிப் பேசியது கோழி ஒன்றுதான். நாயிடம் சேதி சொல்லி அனுப்பினால் வழியில் இன்னொரு நாயிடம் வேறு சேதி கேட்டுக்கொண்டு, அதைச் சொல்வதற்காக எங்கோ போய்விடும். பூனை “பார்க்கலாம்” என்று மட்டும் சொல்லும். ஆட்டிடம் எதைச் சொன்னாலும் பாதியை மென்றுவிடும். கோழி, சொன்னதைச் சொன்னபடி கொண்டுபோய்ச் சேர்த்தது. ஓர் எழுத்தைக் கூட்டவும் குறைக்கவும் அதற்குத் தெரியாது. அதனால் மலையடியில் எல்லா வீட்டிலும் அடுக்களைக்கும் தோட்டத்துக்கும் நடுவில் கோழிதான் போய்வந்தது. சிரட்டையில் வைக்கிற நொய்யைத் தின்றது. இரவில் வீட்டுக்குள்ளேயே பானைகளுக்குப் பக்கத்தில் படுத்தது. அந்தக் காலத்துக் கோழிகள் மண்ணைக் கிளறியதில்லை. விரலில் அழுக்குப் படாமல் நடப்பதில் செம்பிக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

அந்த உருளியில் இருந்தது உமைத்தாய் வீட்டின் ஐப்பசியும் கார்த்திகையும். மழை இறங்கிவிட்டால் ஓடை பெருகி அக்கரைக்குப் போக முடியாது. தோட்டத்தில் கீரை அழுகிவிடும். அந்த நாட்களில் கஞ்சியும், ஆளுக்கு ஓர் உருண்டை பலாப்பழமும்தான். போன வருஷம் பழத்தைச் சரியாக இறுக்காமல் ஜாடியில் அடைத்துவிட்டாள். மழைக்கு நடுவில் திறந்தபோது மேலெல்லாம் பூசணம் பூத்திருந்தது. மகள் பவளம் வெறும் கஞ்சியைக் குடித்துவிட்டு, “வேற ஒண்ணும் இல்லையா?” என்று கேட்டாள். மறுநாளும் கேட்டாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை. கேட்காமலிருந்ததுதான் உமைத்தாய்க்குத் தாங்கவில்லை.

இந்த வருஷம் மரம் கொஞ்சமாகத்தான் காய்த்தது. அத்தனையும் உருளிக்குள் இருந்தது. கெட்டுப்போனால் மறுபடி செய்ய இன்னொரு பழம் கிடையாது.

பதம் வர வேண்டும். பாகு உருளியின் ஓரத்தை விட்டுச் சுருண்டு விலக வேண்டும். துடுப்பைத் தூக்கினால் ஒழுகாமல் கட்டியாக விழ வேண்டும். அது வரும்வரை கை நிற்கக் கூடாது. காலையில் அடுப்பு மூட்டியவள். வெயில் முற்றத்தைத் தாண்டி மாட்டுக்கொட்டகையின் கூரைக்குப் போய்விட்டது. ஒருவரும் வந்து துடுப்பைப் பிடிக்கவில்லை.

“பவளம்!” என்று கூப்பிட்டாள். “சுக்கு இடிச்சியா?”

“இடிச்சுக்கிட்டே இருக்கேம்மா.”

“சத்தத்தைக் காணோம்?”

உள்ளேயிருந்து அவசரமாக இரண்டு இடி கேட்டது. பிறகு தலைமுடியில் சீப்பு இழுபடுகிற சத்தம்.

“உங்கப்பா எங்க?”

“விறகு எடுக்கப் போனாங்கல்ல.”

“அந்த விறகு எரிஞ்சு சாம்பலாயிருக்கும் இந்நேரம்” என்றாள் உமைத்தாய். பிறகு கோழியைப் பார்த்தாள். “ஏட்டி செம்பி, எந்திரி. கீழ தோட்டத்துல உங்க அத்தான் கிடப்பாரு. போய்ச் சொல்லு. கிளறணும், பதம் வர்ற வரைக்கும் நிறுத்தக் கூடாது, உடனே ஆரம்பிக்கணும். நான் சொன்னேன்னு சொல்லு.”

செம்பி எழுந்து சிறகை உதறிக்கொண்டது. “கிளறணும். பதம் வர்ற வரைக்கும் நிறுத்தக் கூடாது. உடனே ஆரம்பிக்கணும். அக்கா சொன்னா.”

“அதேதான். ஓடு.”

எதைக் கிளற வேண்டும் என்று உமைத்தாய் சொல்லவில்லை. அடுப்பில் உருளி இருக்கும்போது அதைத் தனியாக வேறு சொல்ல வேண்டுமா என்ன.

தோட்டம் வீட்டுக்குப் பின்னால், சரிவுக்குக் கீழே இருந்தது. அங்கே அவரைப் பாத்திக்குப் பக்கத்தில், முருங்கை நிழலில், மண்வெட்டியின் காம்பில் தலையை வைத்துத் தாணுவன் படுத்திருந்தான். அவனைச் சோம்பேறி என்று சொல்லிவிட முடியாது. எப்போதும் தொடங்கப்போகிறவன். ஆடி பிறந்ததிலிருந்து உமைத்தாய் அந்தப் பாத்தியைக் கிளறச் சொல்லிக்கொண்டிருந்தாள். மண் ஈரமாக இருந்தபோது “கொஞ்சம் காயட்டும்” என்றான். காய்ந்தபோது “ஒரு தூறல் விழட்டும்” என்றான். தூறல் விழுந்த அன்று அவனுக்குத் தும்மல்.

இதில் அவனுக்குத் தெரியாத ஒன்றும் இருந்தது. அன்று விடியும்போதே உமைத்தாய் இறங்கி வந்து, மேல் மண்ணைக் கொத்திவிட்டு, அவரை விதைகளை ஊன்றிவிட்டுப் போயிருந்தாள். அவனிடம் சொல்லவில்லை. சொன்னால், “இன்னைக்குச் செய்யணும்னுதான் இருந்தேன்” என்பான். அதைக் கேட்பதைவிடச் சொல்லாமலிருப்பதே மேல் என்று தோன்றியது. எப்போது அவனாகப் பார்க்கிறான் என்று பார்ப்போம் என்றும் நினைத்தாள். அவன் அதன் பக்கத்திலேயே வந்து படுத்தான். பார்க்கவில்லை.

செம்பி அவன் காதருகில் போய் நின்று, ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னது.

தாணுவன் கண்ணைத் திறக்கவில்லை. “பதம் வர்ற வரைக்குமா?”

“ஆமா, அத்தான்.”

“இவ ஒருத்தி. எந்திரிச்சதுலேர்ந்து அதைத்தானே பார்த்துக்கிட்டு இருக்கேன்.”

“கண்ணு மூடியில்ல இருக்கு?”

“மனசால பார்க்கேன்” என்று சொல்லிவிட்டு அவன் ஒரு பெருமூச்சு விட்டான். “பாத்தியை எப்பக் கிளறணும்னு எனக்குத் தெரியாதா? நேத்துப் பொறந்தவனா நான்?”

“பாத்தின்னு அக்கா சொல்லலியே.”

“பின்ன எதை? இங்க கிளறுறதுக்கு வேற என்ன கிடக்கு?”

செம்பி சுற்றிலும் பார்த்தது. முருங்கை மரம். வேலி. அவரைப் பாத்தி. கிளறுவதற்கு வேறு எதுவும் இல்லைதான். உருளி என்ற சொல் அதன் வாய்வரைக்கும் வந்தது. ஆனால் அக்கா அந்தச் சொல்லைச் சொல்லி அனுப்பவில்லை. சொல்லாததைச் சேர்த்துச் சொல்வது கோழிகளுக்குப் பழக்கமில்லை. விழுங்கிவிட்டது.

“சரி, இப்படிச் செய்வோம்” என்றான் தாணுவன். “நான் மண்வெட்டியைத் தேடி எடுத்துட்டு வாறேன். அதுவரைக்கும் நீ கிளறிக்கிட்டிரு.”

“மண்வெட்டி உங்க தலைக்கு அடியில இருக்கு.”

“இது தலைக்கு வச்சிருக்கிறது. வேலைக்குள்ளது வேற.”

“எனக்குக் கை இல்லையே, அத்தான்.”

“கால் இருக்குல்லா? உடனே ஆரம்பிக்கணும்னு அவ சொன்னாளா இல்லையா?”

சொல்லத்தான் சொன்னாள். செம்பி பாத்தியின் ஓரத்தில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு ஒரு காலைத் தூக்கி, விரலை விரித்து, மண்ணில் வைத்தது. ஈரமாக, குளிர்ச்சியாக இருந்தது. இழுத்தது. மண் பின்னால் சிதறியது. அடுத்த காலால் இழுத்தது. ஓர் அடி பின்னால் வந்து, தலையைச் சாய்த்துப் பார்த்தது.

“அத்தான், பதம்னா எப்படி இருக்கும்?”

“பார்த்தாத் தெரியும்.”

மறுபடியும் இரண்டு இழுப்பு. ஓர் அடி பின்னால். பார்வை. பதம் எதுவும் தெரியவில்லை. ஆனால் மண்ணுக்குள்ளிருந்து சாம்பலில் புரட்டிய ஓர் அவரை விதை வெளியே வந்து கிடந்தது. செம்பி அதைக் கொத்தி விழுங்கியது. வேலைக்குள்ளேயே கூலியையும் வைத்திருக்கிறார்களே என்று அதற்கு அக்காவின் மேல் மரியாதை கூடியது. தாணுவனிடம் அதைச் சொல்லத் திரும்பியது. அவன் குறட்டை விடத் தொடங்கியிருந்தான்.

மேலே அடுப்படியில் பாகு இறுகத் தொடங்கியிருந்தது. இப்போதுதான் துடுப்புக்கு நல்ல பலம் வேண்டும். உமைத்தாய் இரண்டு கையாலும் பிடித்து உடம்போடு சேர்த்துச் சுற்றினாள். ஓரத்தில் பாகு விலகத் தொடங்கியது. இன்னும் கொஞ்சம்தான். அப்போது அவள் கழுத்தில் குளிர்ச்சியாக ஒரு துளி விழுந்தது.

நிமிர்ந்து பார்த்தாள். மேற்கே மலையைக் காணவில்லை. சாரல் இறங்கி வந்துகொண்டிருந்தது. முற்றத்துக்கு அப்பால் பாறையின் மேல், உப்புப் போட்ட மாங்காய்க் கீற்றுகள் பாயில் காய்ந்துகொண்டிருந்தன. மழைக்காலத்துக் கஞ்சிக்கு இனிப்புக்கு இதென்றால் புளிப்புக்கு அது. நனைந்தால் அவ்வளவும் மாட்டுக்கு.

“வாறியளா, இல்லையா?” என்று சரிவைப் பார்த்துக் கத்தினாள்.

தூக்கத்தில் எந்தக் கேள்வி வந்தாலும் தாணுவனிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். “இந்தா வந்துட்டேன்!” என்று குரல் வந்தது.

அவள் அதை நம்பினாள். அத்தனை வருஷம் அவனோடு வாழ்ந்த பிறகும் நம்பினாள் என்பதை நினைத்துத்தான் பிற்பாடு அவளுக்கு அதிகக் கோபம் வந்தது. “ஓரத்தைப் பார்த்துக் கிளறுங்க!” என்று சரிவை நோக்கிச் சொல்லிவிட்டு, துடுப்பை உருளியில் சாய்த்துவிட்டுப் பாறைக்கு ஓடினாள்.

“பவளம்! பாயைப் பிடி!”

பவளம் தலையில் சீப்பு குத்தியபடி வந்தாள். காற்று பாயைத் தூக்கியது. “அந்த முனை, அந்த முனை” என்று உமைத்தாய் கத்த, பவளம் இந்த முனையைப் பிடித்தாள். பாறையில் சிதறிய கீற்றுகளை இருவரும் மடியில் பொறுக்கினார்கள். எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு மாட்டுக்கொட்டகைக்குள் நுழைந்தபோது பவளம்தான் முதலில் மூக்கை உறிஞ்சினாள்.

“அம்மா, என்னமோ தீயுது.”

அடுப்புக்கு முன்னால் ஒருவரும் இல்லை. துடுப்பு சாய்த்துவைத்தபடியே நின்றது. உருளியின் நடுவிலிருந்து மெல்லிய புகை கயிறாக எழுந்தது. உமைத்தாய் விறகை வெளியே இழுத்துப் போட்டாள். துடுப்பை அடியில் விட்டுப் பார்த்தாள். அடியில் பாகு இல்லை. கல் இருந்தது.

மேலே இருந்ததை மட்டும் அடி கலங்காமல் வழித்து ஜாடியில் போட்டாள். பாதி ஜாடி வந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். முதலில் இனித்தது, பிறகு கசந்தது. பவளம் விரலை நீட்டினாள். உமைத்தாய் ஜாடியை மூடினாள்.

பிறகு தோட்டத்துக்கு இறங்கினாள். பவளம் பின்னாலேயே வந்தாள்.

தாணுவன் தூறலுக்காக முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தான். பாத்தியின் நடுவில் செம்பி முழங்கால்வரை மண்ணாக நின்று, இரண்டு இழுப்பு இழுத்து, பின்னால் வந்து, தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தது. காலையில் ஊன்றிய வரிசை ஒன்றுகூட இல்லை.

“எந்திரிங்க” என்றாள் உமைத்தாய்.

குரலின் அடக்கத்தைக் கேட்டே தாணுவன் எழுந்து உட்கார்ந்தான்.

“கிளறச் சொன்னேம்லா?”

“கிளறிக்கிட்டுத்தானே இருக்கு” என்று அவன் கோழியைக் காட்டினான்.

“உருளியை!”

“உருளின்னு யாரு சொன்னா?”

“அடுப்புல உருளி இருக்கையில வேற எதைக் கிளறச் சொல்லுவாங்க?”

“பாத்தியைக் கிளறச் சொல்லி உயிரை எடுத்தது யாரு? இன்னைக்குக் கிளறினா அதுவும் குத்தமா?”

“இதுல அவரை ஊனியிருந்தேன்!”

“எப்ப ஊனின? என்கிட்டச் சொன்னியா?”

உமைத்தாயின் குரல் இன்னும் உயர்ந்தது. “பக்கத்துல வந்து படுத்தீங்களே, மண்ணு கொத்திக் கிடக்கிறது கண்ணுல படலையா?”

“அக்கா சொன்னதை அப்படியேதான் சொன்னேன்” என்றது செம்பி, கிளறிக்கொண்டே. “கிளறணும், பதம் வர்ற வரைக்கும்...”

“அம்மா, சுக்கு இடிச்சுட்டேன், அதை எதுல போட?” என்றாள் பவளம்.

“மழைல நின்னு பேசணுமா, உள்ள போய்ப் பேசுவோமே” என்றான் தாணுவன்.

“எல்லாம் போச்சா, இல்ல பாதி இருக்கா?” என்று வேலிக்கு மேலிருந்து பக்கத்து வீட்டுச் சேவல் கேட்டது.

“அடி போயிருக்கும், மேல இருக்கும்” என்றான் தாணுவன் சேவலிடம். “நனைச்சு சுரண்டினா...”

“அம்மா, சுக்கு...”

“அக்கா, இது பதமான்னு கொஞ்சம் பார்த்துச் சொன்னா...”

“வாயை மூடுங்க!” என்று உமைத்தாய் கத்தினாள். முருங்கையில் இருந்த காகங்கள் எழுந்து பறந்தன. “காலையிலேர்ந்து இந்த வீட்டுல எல்லாரும் பேசுறீங்க. கிளற ஒரு ஆளு இல்ல. இனிமே யாரும் என்கிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாது. ஒரு வார்த்தை! கேட்டுதா?”

சொல்லிவிட்டு அவள் சரிவில் ஏறிப் போய்விட்டாள்.

தாணுவன் அந்தக் கட்டளையைக் கஞ்சி கொதிக்கிற வாசனை வரும்வரை காப்பாற்றினான். “ஆயிட்டா?” என்று கேட்டுக்கொண்டு உள்ளே வந்தான். பவளம் அதுவரைகூடக் காத்திருக்கவில்லை. சுக்கை எதில் போடுவது என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. நாய் தன்னைச் சொல்லவில்லை என்று எடுத்துக்கொண்டது. பூனை “பார்க்கலாம்” என்றது.

சொன்னதைச் சொன்னபடி செய்யத் தெரிந்தது கோழிக்குத்தான். ஒரு வார்த்தை பேசக் கூடாது. அது பேசவில்லை. பதம் வரும்வரை நிறுத்தக் கூடாது. அது நிறுத்தவில்லை. வந்துவிட்டதா என்று கேட்டிருந்தால் ஒருவேளை நிறுத்தியிருக்கலாம். கேட்க முடியாது. “நிறுத்தட்டுமா, அக்கா?” என்ற கேள்வி அதன் தொண்டைக்குள் உருண்டது. வெளியே வந்தபோது அதில் எழுத்து இல்லை. க்ர்ர் என்று ஒரு முனகல்தான் இருந்தது.

கோபம் ஆறிய பிறகு உமைத்தாய் அந்தக் கட்டளையைத் திரும்ப எடுத்துக்கொண்டிருக்கலாம். நேரம் கிடைக்கவில்லை. ஜாடிக்கு மெழுகுத்துணி கட்ட வேண்டியிருந்தது. மாங்காயை மறுபடியும் காயவைக்க வேண்டியிருந்தது. ஈர விறகோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. தோட்டத்துக்குச் சேதி சொல்ல ஆளில்லாமல் அவளே ஒவ்வொரு தடவையும் இறங்கி ஏறினாள். ஒவ்வொரு தடவையும், கோழியே முதலில் ஏதாவது பேசட்டும் என்று நினைத்தாள். கோழி, அக்கா பேசச் சொல்லட்டும் என்று தலையைச் சாய்த்துப் பார்த்தது. கால் முழுக்க மண்ணாக இருந்ததால் ராத்திரி அதை வீட்டுக்குள் விடவில்லை.

அக்கம்பக்கத்துக் கோழிகள் வந்து, என்ன இது என்று செம்பியிடம் கேட்டன. அது பதில் சொல்லாமல் இரண்டு இழுப்பு இழுத்துக் காட்டியது. உள்ளேயிருந்து ஒரு புழு வந்தது. அதைவிட நல்ல பதில் வேறு என்ன வேண்டும். அவையும் இறங்கின; கிளறுகிற மும்முரத்தில் பேச்சை விட்டன. பிறகு பிறந்த குஞ்சுகளுக்குப் பேச்சு கேட்கக் கிடைக்கவில்லை. காலைத்தான் பார்க்கக் கிடைத்தது.

கோழி கிளறத் தொடங்கியது அன்றைக்குத்தான். இன்றைக்கும் குவித்த நெல்லின் மேல் கொண்டுபோய் விட்டாலும் முதலில் இரண்டு இழுப்பு இழுக்கும். ஓர் அடி பின்னால் வரும். தலையைச் சாய்த்துப் பார்க்கும். அதற்குப் பிறகுதான் கொத்தும். தொண்டைக்குள் எதையோ கேட்டுக்கொண்டேயிருக்கும். போதும் என்று அதனிடம் இதுவரை யாரும் சொல்லவில்லை.

உருளி அடிபிடித்த அன்று சாயங்காலம் சாரல் விட்டிருந்தது. உமைத்தாய் மிச்சமிருந்த விதைகளைச் சுரைக்குடுவையோடு எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு வந்தாள். தாணுவன் வேலியோரத்தில் உட்கார்ந்து, உருளியைத் தேங்காய் நாராலும் சாம்பலாலும் தேய்த்துக்கொண்டிருந்தான். அவள் பாத்தியோரம் குத்தவைத்து, பதம் பார்க்க ஒரு பிடி மண்ணை அள்ளினாள். உள்ளங்கையில் வைத்து அமுக்கி, விரலைத் திறந்தாள். மண் உருண்டையாக நின்றது. கட்டை விரலால் தொட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தது. இன்னொரு பிடி அள்ளிப் பார்த்தாள். அதுவும் உதிர்ந்தது. அவள் கையைத் தட்டிவிட்டு, காலடியில் கிளறிக்கொண்டிருந்த கோழியை இரண்டு கையாலும் தூக்கி வேலிக்கு அந்தப் பக்கம் விட்டாள். பிறகு முதல் விதையை ஊன்றினாள்.